அலுவலகங்களுக்கிடையே நமது விபரங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த இதழில் அரச நிறுவனங்கள் தமக்குள் தகவல் பகிர்வது பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அரசு என்பது ஒரே அலுவலகம் அல்ல, தனித்தனிச் சட்டமும் தனித்தனி அதிகாரமும் கொண்ட பல நிறுவனங்களின் தொகுதி என்பதும், அவற்றுக்கிடையே விபரம் போய்வருவதற்கு எழுதப்பட்ட ஒழுங்கு வேண்டும் என்பதும் அதன் சாரம். அதைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: பிரதேச செயலகத்தில் உதவித் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கிராம அலுவலரின் வதிவிடச் சான்று எல்லாம் கொடுத்தேன். சில மாதங்களில் அதே வளவில் உள்ள இன்னோர் அலுவலகம் அவற்றையே மீண்டும் கேட்டது. விவாகச் சான்றிதழைத் தந்ததே அந்தப் பிரதேச செயலகம்தான். தங்களுக்குள் பார்த்துக்கொள்ள முடியாதா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: கருவி இல்லை என்பது இன்று காரணமல்ல. அரச நிறுவனங்களைக் கணினிமயப்படுத்துவதற்காக 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனி முகவர் நிலையமே அமைக்கப்பட்டது. இலத்திரனியல் ஆவணத்துக்குச் சட்ட அங்கீகாரம் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் கிடைத்தது. நிறுவனங்களுக்கிடையே தரவு எந்த வடிவில் போக வேண்டும் என்பதற்கான பொது நியமங்களும் வகுக்கப்பட்டன. இவ்வளவும் இருந்தும் நீங்கள் போட்டோக் கொப்பிக் கடைக்கு நடக்கிறீர்கள் என்றால், அதற்குக் காரணம் "நீங்கள் பார்க்கலாம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது தெளிவாக எழுதப்படாமல் இருப்பதுதான்.

நீங்கள் சொன்ன அந்த வளவையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. பிரதேச செயலாளர் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதிகாரம் பெற்ற மத்திய அரசின் அலுவலர். விவாகப் பதிவேடு பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு உரியது. பக்கத்து மேசையில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தின் ஆளாக இருக்கக்கூடும். வீதிக்கு எதிர்ப்புறத்தில் உள்ள பிரதேச சபை, 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் மாகாண உள்ளூராட்சித் துறையின் மேற்பார்வையில் வருகிறது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஒவ்வொருவரும் கணக்குக் கொடுக்க வேண்டிய மேலதிகாரி வேறு. ஒழுங்கு எழுதப்படாத நிலையில், விபரம் தர மறுத்த அலுவலர் மீது யாரும் விசாரணை வைப்பதில்லை, தந்துவிட்டவர் மீது வைக்கலாம். ஆகவே அவர் உங்களிடமே பிரதி கேட்கிறார், காகிதம் சுமக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு மேலே இருப்பவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் எல்லாத் திணைக்களங்களின் தரவுகளையும் கொழும்பில் ஒரே பெரிய கணினியில் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? (ஓய்வுபெற்ற அலுவலர், நல்லூர்)

பதில்: இந்த யோசனை பல நாடுகளில் எழுந்திருக்கிறது. அதன் இரண்டு முனைகளையும் அமெரிக்காவின் அனுபவத்தில் பார்க்கலாம். 2001 செப்டெம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணைக்குழு 2004இல் வெளியிட்ட அறிக்கை, விமானங்களைக் கடத்தியவர்களில் இருவரைப் பற்றி ஓர் அமைப்பு அறிந்திருந்ததை மற்ற அமைப்பு உரிய காலத்தில் அறியவில்லை என்பதை விரிவாக எடுத்துக்காட்டியது. அறிய வேண்டியவருக்கு மட்டும் என்ற பழைய மனப்போக்கை விட்டு, பகிர வேண்டும் என்ற மனப்போக்குக்கு மாறும்படி அது பரிந்துரைத்தது. கதவுகள் திறக்கப்பட்டன. ஆனால் யார், எதற்காக, எவ்வளவு எடுக்கிறார் என்பதைக் கவனிக்கும் ஏற்பாடு அதே வேகத்தில் வளரவில்லை. 2010இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இராஜதந்திர ஆவணங்கள் விக்கிலீக்ஸ் மூலம் வெளியே வந்தபோது, கீழ்நிலை இராணுவ ஆய்வாளர் ஒருவர் தனது பணிக்குத் தேவையற்ற அத்தனையையும் தனியாகப் பிரதி எடுக்க முடிந்திருந்தது தெரியவந்தது. அதன் பின்னர்தான், 2011 ஒக்டோபரில், பொறுப்புடன் பகிர்வதற்கான ஒழுங்குகளை வகுக்கும் ஜனாதிபதிக் கட்டளை பிறந்தது.

மறைத்து வைத்ததும் அழிவைத் தந்தது, அள்ளித் திறந்ததும் அழிவைத் தந்தது. இரண்டிலும் இல்லாதிருந்தது, கேட்பவரின் தேவைக்கும் கொடுக்கப்படும் அளவுக்கும் இடையிலான பொருத்தத்தைப் பார்ப்பதற்கான ஒழுங்கு.

எஸ்தோனியா வேறு வழியில் போனது. ஏறத்தாழ 13 இலட்சம் மக்களைக் கொண்ட அந்த நாட்டில் மத்திய தரவுக் களஞ்சியம் என்று ஒன்றில்லை. 2001இல் தொடங்கிய எக்ஸ்-ரோட் என்ற இணைப்பின் வழியாக, குடிசனப் பதிவேடு அதற்குரிய நிறுவனத்திடமும் வாகனப் பதிவேடு அதற்குரிய நிறுவனத்திடமும் இருந்தபடியே, அனுமதி பெற்ற நிறுவனம் கேள்வி கேட்டுப் பதில் பெறுகிறது. ஒரே தரவைத் திரட்ட இரண்டாவது தரவுத்தளம் அமைப்பதை அந்த நாட்டின் சட்டம் தடுக்கிறது. கேட்ட ஒவ்வொரு கேள்வியும் பதிவாகிறது. தன்னுடைய விபரத்தை எந்த நிறுவனம் எப்போது பார்த்தது என்பதைக் குடிமகன் தன் கணக்கில் புகுந்து பார்க்கவும் முடிகிறது. அடிப்படை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பின்லாந்தும் அதை எடுத்துப் பயன்படுத்துகிறது.

நம்மூரில் இது புரியாத விடயமல்ல. பங்குக் கிணற்றுக்கு உறுதி எழுதும்போது யாருக்கு எத்தனை பங்கு, வழி எது, வாய்க்கால் எது என்பதெல்லாம் குறிப்பிடப்படுகின்றன. இறைப்பு முறையும் பங்குக்காரருக்குள் ஒழுங்காகிவிடுகிறது. கிணற்றைப் பெயர்த்து ஒருவர் வீட்டு முற்றத்தில் வைக்கும்படி யாரும் கேட்பதில்லை. திணைக்களங்களுக்கு நான் கேட்பதும் அதே அளவுதான்: பதிவேடு உரியவரிடமே இருக்கட்டும், பதில் மட்டும் வெளியே போகட்டும், கேட்டவரின் பெயர் எழுதப்படட்டும்.

மாகாண சபையின் நிலையையும் இங்கே மறக்கக்கூடாது. கொழும்பில் அனைத்தும் குவிந்தால், 13ஆவது திருத்தத்தால் மாகாணத்துக்கு வந்த கல்வி, சுகாதாரம், உள்ளூராட்சி ஆகிய துறைகளின் பதிவேடுகள் மீதான பொறுப்பும் மெல்லக் கைமாறிவிடும். வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் தேர்தல் நடக்காத காலம் முழுவதும், இத்தகைய இணக்கத்தில் மாகாணத்தின் சார்பில் மக்கள் பிரதிநிதி ஒருவர் பேசி முடிவெடுக்க இடமிருக்கவில்லை. தரவு பற்றிய உடன்படிக்கை தொழில்நுட்பக் காகிதம் என்று எண்ணி விட்டுவிடக்கூடிய ஒன்றல்ல.

கேள்வி: நான் பிரதேச சபையொன்றில் வேலை செய்கிறேன். வேறொரு திணைக்களத்தின் அலுவலர் தொலைபேசியில் அழைத்து, எங்கள் சோலைவரி (வீடு, காணி மீதான வரி) இடாப்பை எக்செல் கோப்பாக உடனே மின்னஞ்சல் செய்யும்படி கேட்கிறார். கேட்பதும் அரசுதானே, கொடுக்கலாமா? (வாசகர், தீவகம்)

பதில்: தொலைபேசி அழைப்புக்குக் கொடுக்க வேண்டாம். மறுக்கிறீர்கள் என்று அவர் எண்ணாதபடி, "எழுத்தில் கேளுங்கள், செயலாளரின் அனுமதியுடன் தருகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வரும் கடிதத்தில் எந்தச் சட்டக் கடமைக்காகக் கேட்கிறார்கள், அந்த விபரத்தைக் கொண்டு என்ன முடிவு எடுக்கப்போகிறார்கள், எந்த நிரல்கள் தேவை, எந்தப் பதவியிலுள்ளவர் கையாளுவார், எவ்வளவு காலம் வைத்திருந்து எப்படி அழிப்பார்கள் என்பன இருக்க வேண்டும். இவற்றில் முதலிரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் மிகுதியை வாசிக்கத் தேவையே இல்லை.

நிரல்கள் பற்றி நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிரித்தானியாவில் 2007இல், சிறுவர் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் விபரங்களைக் கணக்காய்வு அலுவலகம் வருமானவரித் திணைக்களத்திடம் கேட்டது. வங்கிக் கணக்கு போன்ற விபரங்கள் வேண்டாம் என்றே அது சொல்லியிருந்தது. தேவையற்ற நிரல்களை நீக்கினால் செலவாகும் என்று கருதி, முழுக் கோப்பையும் இரண்டு குறுந்தட்டுகளில் ஏற்றி, குறியாக்கம் செய்யாமல், பதிவு செய்யாத தபாலில் அனுப்பினார்கள். தட்டுகள் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேரின் பெயர், பிறந்த திகதி, முகவரி, வங்கிக் கணக்கு விபரங்கள் அவற்றில் இருந்தன. திணைக்களத் தலைவர் பதவி விலகினார். இரு தரப்பும் அரசுதான், நோக்கமும் நியாயமானதுதான். சில நிரல்களை வெட்டாமல் விட்டதும், பட்டியலையே கையில் கொடுக்கலாம் என்று எண்ணியதும் போதுமாக இருந்தன.

ஆகவே கடிதம் சரியாக இருந்தாலும் இடாப்பைக் கொடுப்பதற்கு முன் இன்னொன்றை யோசியுங்கள். அவர்களுக்குத் தேவை குறிப்பிட்ட விண்ணப்பதாரர்களுக்கு உங்கள் எல்லைக்குள் வீடு இருக்கிறதா என்பது மட்டுமானால், அவர்களின் பட்டியலை அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆம், இல்லை என்று குறித்து அனுப்பினால் போதும். இடாப்பு உங்களிடமே இருக்கும். காணி கைமாறும்போது நீங்கள் திருத்துவீர்கள், ஆனால் கொடுத்துவிட்ட பிரதியை யார் திருத்துவார்? பழைய பிரதியை நம்பி எடுக்கப்படும் முடிவால் பாதிக்கப்படுபவர் கடைசியில் உங்கள் படலையில்தான் வந்து நிற்பார். கொடுத்த ஒவ்வொன்றையும் திகதி, கேட்டவர், நோக்கம், கொடுத்த நிரல்கள் என்று ஒரு பதிவுக் கொப்பியில் எழுதிக் கையொப்பமிடுங்கள். சாதாரண சீ.ஆர். கொப்பி போதும். எஸ்தோனியாவின் கணினி செய்வதும் சாராம்சத்தில் இந்த வேலையைத்தான்.

கேள்வி: எங்கள் பிரிவில் உதவி பெறுவோர் பட்டியலை அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாம் சேர்த்துப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். வெளிப்படைத்தன்மைக்காக என்று சொல்கிறார்கள். சரியா? (வாசகி, வடமராட்சி)

பதில்: பட்டியலை வெளிப்படுத்துவது சரி. யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது ஊருக்குத் தெரிந்தால்தான் ஆட்சேபனை எழுப்ப முடியும். 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியபோது பட்டியல்களைப் பார்த்தே மக்கள் மேன்முறையீடு செய்தார்கள். அதற்குப் பெயரும் பிரிவும் விண்ணப்ப இலக்கமும் போதும்.

அடையாள அட்டை இலக்கம் வேறு விடயம். அது வெறும் இலக்கம் அல்ல. ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணாயின் அந்த எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு முழுமையாகவே இருக்கிறது. ஆக, அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் உங்கள் ஊர்ப் பெண்களின் பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம், அவர்கள் உதவி பெறும் நிலையில் இருப்பது அனைத்தும் ஒரே பார்வையில் கிடைத்துவிட்டன. தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்களுக்கு முன்பின் தெரியாத அழைப்புகள் வருவதற்கு இதைவிட வேறு வழி வேண்டாம். குழுவில் போட்டவரிடம் இதைச் சொல்லி நீக்கக் கேளுங்கள். நீக்காவிட்டால் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள்.

கேள்வி: என் தந்தையின் பெயர் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் பதியப்பட்டிருக்கிறது. தரவுகளை இணைத்தால் அவர் இரண்டு ஆளாகிவிடுவாரா? (வாசகர், மானிப்பாய்)

பதில்: ஆகிவிடலாம், அல்லது எந்த ஆளாகவும் இல்லாமல் போகலாம். தமிழ்ப் பெயர்கள் பல படிவங்களில் முதலில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டுப் பின்னர் தமிழுக்குத் திரும்புகின்றன. தந்தை பெயர் முன்னாலா பின்னாலா என்பதும், தலைப்பெழுத்தா முழுப்பெயரா என்பதும் படிவத்துக்குப் படிவம் மாறுகிறது. இதற்கு மேல் நமது அலுவலகங்களில் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்புகள் குவிந்திருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். யூனிகோட் முறையில் தேடும் கணினிக்கு அந்தப் பெயர் அகப்படாது. பகிர்வைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இந்தக் கோப்புகளை மாற்றி, பிழை பார்த்து, பொருந்தாத பெயர்களை மனிதக் கண்ணால் ஒப்பிடும் வேலை இருக்கிறது. கணினி பொருந்தவில்லை என்று சொன்னதை வைத்து மட்டும் ஒருவரின் கொடுப்பனவை நிறுத்தக்கூடாது என்பதை ஒவ்வொரு உடன்படிக்கையிலும் எழுத வேண்டும்.

கேள்வி: அம்மாவை ஆதார வைத்தியசாலையிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு மாற்றியபோது பரிசோதனைகளை மீண்டும் செய்தார்கள். (வாசகர், பருத்தித்துறை)

பதில்: பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் உள்ளன. போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது. மீண்டும் செய்வதற்கு மருத்துவக் காரணமும் இருக்கக்கூடும். ஆனால் முடிவு கைக்குக் கிடைக்காததே காரணமானால் அது நோயாளிக்குச் செய்யும் அநீதி. இணைப்பு வரும்வரை கிளினிக் கொப்பியையும் அறிக்கைகளின் பிரதிகளையும் கூடவே கொண்டுபோங்கள்.

கேள்வி: நாங்கள் யுத்த காலம் முழுவதும் இங்கேயே இருந்தவர்கள். வீட்டு விபரம் கேட்டுப் படிவம் வந்தாலே நெஞ்சு பதறும். நலத்திட்டத்துக்குக் கொடுக்கும் விபரம் பாதுகாப்புத் தரப்புக்குப் போகாது என்று யார் உறுதி சொல்வார்? (வாசகி, கோப்பாய்)

பதில்: இன்று அப்படி முழு உறுதி சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. உங்கள் பயத்தை அறியாமை என்று எவரும் தள்ளிவிடக்கூடாது. பட்டியலில் பெயர் இருந்ததற்காக ஒருவர் என்ன ஆனார் என்பதைக் கண்ணால் கண்ட சமூகம் இது.

ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1983 டிசம்பரில் குடிசன மதிப்பீடு தொடர்பான வழக்கில் தந்த தீர்ப்பை இங்கு நினைவூட்டுவேன். தன்னைப் பற்றிய தகவல் எங்கே, எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு என்று அது சொன்னது. புள்ளிவிபரத்துக்காகத் திரட்டியதை நிருவாக நடவடிக்கைக்காக வேறு பதிவேடுகளுடன் ஒப்பிட இடமளித்த ஏற்பாட்டையும் அது நீக்கியது. நாஜி ஆட்சியில் பட்டியல்கள் எதற்குப் பயன்பட்டன என்பதை அறிந்த நாடு அது. எந்த நோக்கத்துக்குத் திரட்டினார்களோ அந்த நோக்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது என்ற விதியின் தேவை நமக்கு இன்னும் அதிகம்.

இதற்கு எதிராக, பாதுகாப்புக்குத் தகவல் பகிர்வு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டுப் புலனாய்வு எச்சரிக்கை நமது அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்திருந்தது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடமையில் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும், பொலிஸ், பாதுகாப்பு, புலனாய்வு உயர் பதவிகளில் இருந்தவர்களும் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும் 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே போய்ச் சேர வேண்டியிருந்தது ஆட்களையும் இலக்குகளையும் குறிப்பிட்ட ஓர் எச்சரிக்கை. அதற்கும் கோப்பாயில் உள்ள ஒரு தாயின் வீட்டு விபரத்துக்கும் தொடர்பில்லை. உண்மையான எச்சரிக்கையைப் பகிராமல் விட்ட தவறைக் காட்டி, அப்பாவி மக்களின் பதிவேடுகளைத் திறந்துவிடும்படி கேட்பதை நாம் ஏற்கக்கூடாது. ஒரு குறிப்பிட்ட விசாரணைக்கு ஒரு குறிப்பிட்டவரின் விபரம் தேவையானால் நீதிமன்றக் கட்டளையுடன் கேட்கட்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்கு மட்டும் தரவைப் பயன்படுத்தும் கடமையை அரச நிறுவனங்களுக்கும் விதிக்கிறது. ஆனால் அது கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டது. தேசியப் பாதுகாப்பு என்ற பெயரில் விலக்குகளுக்கும் அதில் இடமுண்டு. அந்த விலக்குகள் எவ்வளவு குறுக்கப்படுகின்றன என்பதிலேயே அச்சட்டம் வடக்கு மக்களுக்குப் பயன்படுமா என்பது தங்கியிருக்கிறது. நமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: என்னுடைய விபரத்தை எந்த அலுவலகம் யாருக்குக் கொடுத்தது என்று அறிய இப்போதே வழி உண்டா? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சந்தேகப்படும் நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். உங்களைப் பற்றிய என்னென்ன விபரம் வைத்திருக்கிறார்கள் என்பதையும், அதை வேறு எந்த நிறுவனத்துக்கு எந்தத் திகதியில் எந்த அதிகாரத்தின் கீழ் கொடுத்தார்கள் என்பதையும், அதற்கான உடன்படிக்கை அல்லது சுற்றறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்த நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடமும், அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் செல்லலாம். அப்படி ஒரு பதிவே நாங்கள் வைத்திருக்கவில்லை என்ற பதில் வந்தால், அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்து எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதைப் பற்றி எழுதுகிறேன்.